இரண்டு நெடுவரிசைக்குப் பதில் ஒன்று: போஸ்ட்கிரெஸ்க்யூஎல் கால வரம்பு வகைகளோடு ஓராண்டு

இராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்துக்குப் போகும் வழியில் உள்ள, 18 அறைகள் கொண்ட ஒரு சிறு விடுதிக்கு முன்பதிவு மென்பொருள் எழுதிக் கொடுத்துப் பராமரித்து வருகிறேன். இங்குள்ள சிறு விடுதிகள் பலவற்றைப் போலவே அங்கும் 24 மணி நேர வாடகை முறைதான். நண்பகல் 12 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அதிகாலை 4:30 மணிக்கு வந்து சாவி வாங்கியவருக்கு மறுநாள் அதிகாலை 4:30 வரை அறை உரியது. ஆகவே அந்த விடுதி விற்கும் பொருள் தேதி அன்று, ஒரு காலத்துண்டு. அந்தக் காலத்துண்டைத் தொடக்கம், முடிவு என்ற இரண்டு நெடுவரிசைகளாகப் பிரித்து வைத்துப் பல ஆண்டுகள் அவதிப்பட்ட பிறகு, போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் உள்ள கால வரம்பு வகைகளுக்கு மாறினேன். மாறி ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. பெரும்பாலும் 16ஆம் பதிப்பிலும், அண்மையில் சோதனைக்காக 18ஆம் பதிப்பிலும் பயன்படுத்திப் பார்த்ததை வைத்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ‘இன்டர்வெல்’ என்றால் திரையரங்கில் முறுக்கு வாங்கப் போகும் நேரம் என்பது நமக்குத் தெரியும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் அதே பெயருடைய வகை குறிப்பது, தொடக்கமும் முடிவும் இல்லாத வெறும் கால அளவை: ‘மூன்று நாள்’, ‘இரண்டு மணி நேரம்’ என்பது போல. இந்தக் கால அளவு, தரவுத்தளங்களோடு பேசும் மொழியான எஸ்க்யூஎல்லின் 1992ஆம் ஆண்டுத் தரநிலையிலேயே உண்டு. நான் பேசவரும் முதன்மையான பொருள் ‘ரேஞ்ச்’ எனப்படும் வரம்பு வகை. இன்ன நேரம் தொடங்கி இன்ன நேரத்தில் முடிவது என்பதை ஒரே மதிப்பாக ஒரே நெடுவரிசையில் வைத்துக்கொள்ளும் வகை அது. 2012இல் வெளிவந்த 9.2 பதிப்பில் இது சேர்க்கப்பட்டது. தேதிகளுக்கு டேட்ரேஞ்ச், நேர மண்டலம் இல்லாத நேரத்துக்கு டிஎஸ்ரேஞ்ச், நேர மண்டலத்தோடு கூடிய நேரத்துக்கு டிஎஸ்டிஇசட்ரேஞ்ச் என்று காலத்துக்கு மூன்றும், எண்களுக்கு மூன்றும் உள்ளன. விலை எதுவும் இல்லை. திறந்த மூல மென்பொருள்.

இதன் தேவை எனக்குப் புரிந்தது 2024 ஆடி அமாவாசைக்கு. ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. 14ஆம் எண் அறைக்கு ஆகஸ்ட் 3 மாலை 6 மணி முதல் 4ஆம் தேதி மாலை 6 மணி வரை முன்பே ஒரு பதிவு இருந்தது. பிறகு தொலைபேசியில் வந்த இன்னொருவர் 3ஆம் தேதி நண்பகல் முதல் 5ஆம் தேதி நண்பகல் வரை இரண்டு நாள் கேட்டார். என் மென்பொருள் இரண்டு கேள்விகளைத்தான் கேட்டது: புதிய பதிவின் தொடக்கம் பழைய பதிவுக்குள் விழுகிறதா, புதிய பதிவின் முடிவு பழைய பதிவுக்குள் விழுகிறதா. இரண்டுக்கும் விடை ‘இல்லை’. ஏனென்றால் புதிய பதிவு பழையதை முழுக்க விழுங்கிக்கொண்டு இரு பக்கமும் வெளியே நீண்டிருந்தது. அறை இருவருக்கும் கொடுக்கப்பட்டது. மறுநாள் தர்ப்பணம் கொடுக்க வந்திருந்த ஒரு முதியவர், ஊர் முழுக்க ஓர் அறைகூட இல்லாத அந்த இரவில், வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்தபடியே விடியும்வரை இருந்தார். அந்த நிபந்தனையை எழுதியவன் நானே என்பதால் வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

சரியான நிபந்தனை சிறியதுதான்: ஒன்றின் தொடக்கம் மற்றதன் முடிவுக்கு முன்னும், மற்றதன் தொடக்கம் இதன் முடிவுக்கு முன்னும் இருந்தால் இரண்டும் மோதுகின்றன. ஆனால் அதைச் சரியாக எழுதிவிட்டாலும் பாதிக் கிணறுதான் தாண்டியிருப்போம். முன்மேசையில் ஒருவரும் தொலைபேசியில் ஒருவரும் ஒரே நொடியில் ஒரே அறையைத் தேடினால், இருவருக்கும் ‘காலி’ என்ற விடை கிடைக்கும். இருவருடைய பதிவும் உள்ளே போகும். தேடுவதற்கும் எழுதுவதற்கும் நடுவில் உள்ள அந்த நொடியை மென்பொருளின் மேல்தளத்தில் நின்று அடைப்பது கடினம். அடைக்க வேண்டிய இடம் தரவுத்தளம்.

வரம்பு வகைகளை நான் பாராட்டுவதற்கு முதற்காரணம் இங்கேதான் இருக்கிறது. எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட் எனப்படும் விலக்குக் கட்டுப்பாடு 9.0 பதிப்பு முதலே உண்டு. அது வரம்பு வகையோடு சேரும்போதுதான் முழுப் பயன் தருகிறது. ‘அறை எண் சமமாகவும், காலம் ஒன்றன்மேல் ஒன்று படிவதாகவும் உள்ள இரண்டு பதிவுகள் இந்த அட்டவணையில் இருக்கக்கூடாது’ என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். படிதலைக் குறிக்க && என்ற குறி. இரண்டு கணினிகளை அருகருகே வைத்து நானே சோதித்தேன். முதல் திரையில் 14ஆம் அறைக்குப் பதிவு எழுதி, உறுதி செய்யாமல் நிறுத்திக்கொண்டேன். இரண்டாம் திரையில் அதே அறைக்குப் படியும் பதிவை எழுத முயன்றபோது அது மறுப்பும் சொல்லவில்லை, ஏற்கவும் இல்லை. அப்படியே காத்து நின்றது. முதல் திரையில் உறுதி செய்த கணமே இரண்டாவதில் பிழைச்செய்தி வந்தது. முதலாவதை ரத்து செய்து பார்த்தபோது இரண்டாவது உள்ளே போனது. அந்தச் சோதனையை மூன்று முறை திரும்பச் செய்ததற்கு ஐயம் காரணமில்லை. பார்க்கவே மகிழ்ச்சியாக இருந்தது.

இதற்கு ஒரு முன்னேற்பாடு தேவை. இந்தக் கட்டுப்பாடு, பதிவுகளை விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸ்களில் ஜிஸ்ட் என்ற வகையின் மேல் இயங்குகிறது. அறை எண் போன்ற சாதாரண எண்ணைச் சமன் பார்க்க அந்த இண்டெக்ஸுக்குத் தானாகத் தெரியாது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லோடு வரும் பிடிரீ ஜிஸ்ட் என்ற நீட்சியைத் தனியாக இயக்க வேண்டும். இதை அறியாமல் ஒரு மாலைப்பொழுதை வீணாக்கினேன். இயங்கும் அட்டவணையில் இந்தக் கட்டுப்பாட்டைப் புதிதாகச் சேர்ப்போருக்கு இன்னொரு செய்தியும் உண்டு. பழைய பதிவுகளில் ஏற்கெனவே ஒரு மோதல் இருந்தாலும் அது சேராது. ‘பழையதை விட்டுவிடு, இனிமேல் வருவதை மட்டும் பார்’ என்று சொல்லும் வசதி இந்தக் கட்டுப்பாட்டுக்கு இல்லை. பிழைச்செய்தியும் முதலில் அகப்பட்ட ஒரு மோதலை மட்டுமே காட்டும் என்பதால், அட்டவணையை அதனோடேயே இணைத்துப் பார்த்து எல்லா மோதல்களையும் பட்டியலிட்டேன். 2024 ஆடி அமாவாசை மட்டுமே விபத்து என்று நினைத்திருந்த எனக்கு, யாரும் வந்து சண்டை போடாததால் வெளியே தெரியாமற்போன பழைய தவறுகள் வரிசையாக நின்றன.

அடுத்து, ‘வரை’ என்ற சொல். வரம்பு வகைகளைக் கற்கும் யாரும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுவே. நம் பேச்சில் ‘ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்’ என்றால் ஜூன் 14ஆம் தேதியும் தடைக்குள் அடக்கம். ஏப்ரலில் 16 நாள், மே மாதத்தில் 31 நாள், ஜூனில் 14 நாள், ஆக 61 நாள். ஆனால் ‘மாலை 6 மணி வரை அறை உங்களுடையது’ என்னும்போது அந்த 6 மணி அடுத்தவருக்குரியது. ஒரே சொல் நாளுக்கு ஒரு பொருளும் மணிக்கு வேறு பொருளும் தருகிறது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் இதைச் சொல்லுக்கு விடாமல் அடைப்புக்குறிக்கு விட்டிருக்கிறது: சதுர அடைப்பு என்றால் அந்த முனையும் உள்ளே, வளைவு அடைப்பு என்றால் அந்த முனை வெளியே. எதுவும் சொல்லாவிட்டால் தொடக்கம் உள்ளே, முடிவு வெளியே. விடுதிக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. காலை 6 மணிக்கு ஒருவர் வெளியேற, 6 மணிக்கே இன்னொருவர் நுழைந்தால் மோதல் இல்லை. இப்படித் தொட்டுக்கொண்டு நிற்பதைக் கண்டறிய -|- என்று தனிக்குறியே இருக்கிறது.

தேதிகளில்தான் வியப்பு காத்திருக்கிறது. மண்டபம் ஊரில் விசைப்படகு வைத்திருக்கும் உறவினர் ஒருவருக்கு, படகு கடலுக்குப் போன நாள், கரையில் நின்ற நாள், பழுது பார்த்த நாள் ஆகியவற்றைக் குறித்துவைக்க இதே முறையில் ஒரு சிறு பதிவேடு செய்து கொடுத்திருந்தேன். அதில் தடைக்காலத்தை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, இரு முனையும் உள்ளே என்றுதான் எழுதினேன். தேதிகள் முழு எண்களைப் போல ஒவ்வொன்றாக எண்ணத்தக்கவை என்பதால், டேட்ரேஞ்ச் அதைத் தன் பொது வடிவத்துக்கு மாற்றி [2025-04-15,2025-06-15) என்று சேமித்துக்கொண்டது. பொருள் ஒன்றே, தோற்றம் வேறு. மறுநாள் காலையில் தொலைபேசி வந்தது. “தம்பி, ஜூன் பதினஞ்சுன்னு காட்டுதே, அன்னைக்குக் கடலுக்குப் போகலாமா கூடாதா?” தடை முடிந்து முதல் நாள் கடலுக்குப் போவதை இரண்டு மாதம் காத்திருந்து எண்ணும் மனிதரிடம் வளைவு அடைப்பின் இலக்கணத்தை விளக்குவது பண்பாகாது. “போகலாம் மாமா, அது காட்டுற விதம் அப்படி” என்று சொல்லிவிட்டு, திரையில் காட்டும் இடத்திலெல்லாம் மேல்முனையிலிருந்து ஒரு நாளைக் கழித்துக் காட்டும்படி மாற்றினேன். உள்ளே இருப்பதை அப்படியே மக்களுக்குக் காட்டக்கூடாது என்பதைத் தரவுத்தளத்தின் குறையாக நான் கருதவில்லை. ஆனால் இதைப் பயன்படுத்துவோர் முதல் நாளே செய்யவேண்டிய வேலை அது.

முனை இல்லாத வரம்புகளும் உண்டு. ‘எப்போது போவேன் என்று தெரியாது’ என்று சொல்லும் விருந்தினருக்கு மேல்முனையை வெறுமையாக விடலாம். தரவுத்தளம் அதை முடிவிலி என்று எடுத்துக்கொள்ளும். நேர்த்தியாகத் தோன்றியதால் அப்படியே செய்தேன். இரண்டே நாளில் அந்த அறைக்கு அடுத்த ஆண்டுத் தை அமாவாசைக்குக்கூட முன்பதிவு செய்ய முடியவில்லை என்று முறையீடு வந்தது. முடிவில்லாத காலம் எதிர்காலம் முழுவதன்மேலும் படிகிறது என்பது தருக்கப்படி சரியே. இப்போது உத்தேச நேரம் ஒன்றைக் கட்டாயமாகக் கேட்டு வாங்குகிறோம்.

இதற்கு எதிர்முனையில் உள்ள பள்ளம் இன்னும் ஆழமானது. தொடக்கமும் முடிவும் ஒரே நேரமாக இருந்துவிட்டால், முடிவு வெளியே என்ற விதிப்படி உள்ளே எதுவும் மிஞ்சாது. மதிப்பு வெற்று வரம்பாகிவிடும். வெற்று வரம்பு எதன்மேலும் படியாது. ஆகவே கைதவறி இரண்டு கட்டத்திலும் ஒரே நேரத்தைத் தட்டிய பதிவு, எவ்வளவு கடுமையான விலக்குக் கட்டுப்பாட்டையும் தாண்டி உள்ளே வந்து உட்காரும். தட்டியவரோ அறை பதிவாகிவிட்டது என்று நம்பியிருப்பார். ‘வெற்றாக இருக்கக்கூடாது’ என்ற இன்னொரு கட்டுப்பாட்டைத் தனியே எழுதினால்தான் இது அடைபடும். இதை இயல்பாகவே தடுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கால அளவு வகையான இன்டர்வெல்லுக்கு இவ்வளவு புகழ்ச்சி சொல்ல முடியாது. பாக் நீரிணைப் பகுதியில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாள் என்பது முறை. விசைப்படகு ஒரு நாள் காலையில் டோக்கன் வாங்கிக்கொண்டு போனால் மறுநாள் காலையில்தான் கரை திரும்பும். ஒவ்வொரு பயணமும் நள்ளிரவைத் தாண்டும். டீசல் கணக்கோடு ஒப்பிட, வாரத்தின் மொத்தக் கடல் நேரத்தை உறவினர் கேட்டார். ஒரு வாரத்தில் 20 மணி, 22 மணி, 26 மணி என்று மூன்று பயணங்கள். மேல்முனையிலிருந்து கீழ்முனையைக் கழித்துக் கூட்டியபோது வந்த விடை: ‘1 நாள் 44 மணி’. தவறன்று; ஆனால் எந்த மனிதரும் அப்படிச் சொல்ல மாட்டார். இந்த வகை மாதம், நாள், மைக்ரோநொடி என்று மூன்று பெட்டிகளைத் தனித்தனியே வைத்துக்கொள்கிறது. கூட்டும்போது ஒரு பெட்டியிலிருந்து மற்றொன்றுக்கு மிச்சம் ஏறாது. 26 மணி நேரப் பயணத்தின் முனைகளைக் கழித்ததும் விடை 1 நாள் 2 மணி ஆனது. மற்ற இரண்டும் மணிப் பெட்டியிலேயே கிடந்தன. ஜஸ்டிஃபை அவர்ஸ் என்ற செயற்கூறைச் சேர்த்த பிறகே ‘2 நாள் 20 மணி’ வந்தது.

மாதம் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். விடுதியின் கீழ்த்தளத்தில் சங்குப் பொருள் விற்கும் கடை மாத வாடகைக்கு இருக்கிறது. 2025 ஜனவரி 31ஆம் தேதியோடு ஒரு மாதத்தைக் கூட்டினால் பிப்ரவரி 28. அந்த விடையோடு மீண்டும் ஒரு மாதத்தைக் கூட்டினால் மார்ச் 28. ஆனால் ஜனவரி 31ஆம் தேதியோடு நேராக இரண்டு மாதங்களைக் கூட்டினால் மார்ச் 31. கடைசியாக வந்த தேதியிலிருந்து அடுத்ததைக் கணக்கிடாமல், எப்போதும் முதல் தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்பதை இதிலிருந்து கற்றுக்கொண்டேன். ஒப்பிடும்போது மட்டும் இந்த வகை ஒரு மாதத்தை 30 நாளாக எடுத்துக்கொள்வதால், ‘ஒரு மாதமும் 30 நாளும் சமமா’ என்று கேட்டால் ‘ஆம்’ என்று சொல்லும். வாடகைக்காரர் ஒப்புக்கொள்ளக்கூடிய விடைதான். உரிமையாளர் பிப்ரவரியில் ஒப்புக்கொள்ளமாட்டார்.

நேர மண்டலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நம் நாட்டில் கோடைக்கால நேர மாற்றம் இல்லை என்பதால் மண்டலம் இல்லாத டிஎஸ்ரேஞ்ச் போதும் என்று எண்ணித்தான் தொடங்கினேன். மேகக் கணினியின் கடிகாரமோ உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. 2025 தை அமாவாசையன்று, ஜனவரி 29 அதிகாலை 4:30 மணிக்குச் சாவி கொடுத்த அறை, 28ஆம் தேதி இரவு 11 மணிக்குக் கொடுத்ததாகப் பதிவாகி, முந்தைய நாளின் கணக்கில் போய்ச் சேர்ந்தது. அன்றே மண்டலத்தோடு கூடிய வகைக்கு மாற்றினேன். அதிலும் ஒரு முள் இருந்தது. விருந்தினர் வெளியேறியதும் அறையைச் சுத்தம் செய்ய அரை மணி நேரம் வேண்டும். அதைக் கட்டுப்பாட்டுக்குள்ளேயே கூட்டிவிடலாம் என்று பார்த்தால், மண்டலத்தோடு கூடிய நேரத்தில் கால அளவைக் கூட்டும் கணக்கு மண்டல அமைப்பைப் பொறுத்து மாறக்கூடியது என்று காரணம் காட்டி இண்டெக்ஸுக்குள் அதை அனுமதிக்கவில்லை. விருந்தினரின் காலம், அறை அடைபட்டிருக்கும் காலம் என்று இரண்டு வரம்புகளை வைத்து, பதிவு எழுதும் நேரத்திலேயே இரண்டையும் கணக்கிட்டுவிடுகிறேன்.

2021இல் வந்த 14ஆம் பதிப்பின் பல்வரம்பு வகை எனக்கு மிகவும் பயன்பட்டது. ஒரு நாளிலிருந்து அதன் நடுவில் உள்ள பதிவைக் கழித்தால் மிச்சம் இரண்டு துண்டாகும்; சாதாரண வரம்பு இரண்டு துண்டை வைத்துக்கொள்ள முடியாமல் பிழை காட்டும். பல்வரம்பு அத்தனை துண்டையும் ஒரே மதிப்பில் வைத்துக்கொள்ளும். அறையின் பதிவுகளையெல்லாம் ரேஞ்ச் ஆக் என்ற செயற்கூறால் ஒன்றுதிரட்டி, ஒரு வாரத்திலிருந்து கழித்தால், காலியாக உள்ள நேரங்கள் அப்படியே கையில் கிடைக்கின்றன. முன்பு இதற்கு நான் எழுதியிருந்த நீண்ட சுற்று நிரலை அழித்தேன்.

மற்ற தரவுத்தளங்களில் இருப்போர் என்ன செய்வது? மைஎஸ்க்யூஎல்லில் வரம்புக்கோ கால அளவுக்கோ நெடுவரிசை வகை இல்லை; டைம் வகையில் 838 மணி 59 நிமிடம் 59 நொடி வரை வைக்கலாம், 61 நாள் தடைக்காலம் அதில் அடங்காது. ஆரக்கிளில் கால அளவு வகைகள் நன்றாகவே உள்ளன. மரியாடிபி வேறு வழியில் போகிறது: இரண்டு நெடுவரிசைகளையும் வைத்துக்கொண்டே அவற்றை ஒரு காலமாக அறிவித்து, படியாமல் தடுக்கும் வசதியை 10.5 பதிப்பு முதல் தருகிறது. நிரல்மொழிப் பக்கத்தில், நான் பயன்படுத்தும் ஜாங்கோ என்ற வலைச் செயலிச் சட்டகத்தில் வரம்புப் புலங்கள் 1.8 பதிப்பிலிருந்தும் விலக்குக் கட்டுப்பாடு 3.0 பதிப்பிலிருந்தும் உள்ளன; இதனால் கைவேலை பெரிதும் குறைந்தது.

விடுதி, மண்டபம், வாடகைக் கார், மருத்துவர் சந்திப்பு நேரம் என்று ஒரு பொருளை ஒரே நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே கொடுக்க வேண்டிய எந்தத் தொழிலுக்கும் வரம்பு வகையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஜிஸ்ட் இண்டெக்ஸில் எழுதுவது சாதாரண இண்டெக்ஸைவிடச் சற்று மெதுவானதுதான். ஒரு நாளைக்குச் சில பத்துப் பதிவுகள் எழுதும் இடத்தில் அது தெரியவே தெரியாது. எப்போது நடந்தது என்பதை மட்டும் குறிக்கும் பதிவேடுகளுக்கு இது வேண்டியதில்லை.

2025 செப்டம்பரில் வந்த 18ஆம் பதிப்பில், ‘படியாமல்’ என்ற நிபந்தனையை, ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியிலேயே சேர்க்கலாம். ஓர் அட்டவணையில் உள்ள காலம் இன்னொரு அட்டவணையின் காலத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும் என்றும், அட்டவணைகளைப் பிணைக்கும் அயல்சாவியில் சொல்லலாம். வண்டி நிறுத்தும் இடத்தை அறைப் பதிவின் காலத்துக்குள் மட்டும் கொடுக்க எனக்கு இது உடனே வேண்டும். வெற்று வரம்பையும் இந்தச் சாவி ஏற்பதில்லை என்பதால் என் பழைய குறையும் தீர்கிறது. ஆனால் என் விலக்குக் கட்டுப்பாட்டில் ‘ரத்தான பதிவுகளைக் கணக்கில் எடுக்காதே’ என்றும் எழுதி வைத்திருக்கிறேன்; அந்த விலக்களிப்பைச் சாவியில் எழுத இடமில்லை. ஆகவே ரத்தான பதிவுகளைத் தனி அட்டவணைக்குப் பெயர்க்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறேன். அமாவாசைக் கூட்டம் இல்லாத ஒரு வாரம் பார்த்து மாற்றித் தருமாறு விடுதி மேலாளர் கேட்டிருக்கிறார். அதுவரை 14ஆம் அறை பழைய கட்டுப்பாட்டின் காவலிலேயே இருக்கும்.